விளக்கு யார் கையில்?

பேய்க்கும் எனக்கும் நெடுநாளாக ஓர் ஒப்பந்தம் உண்டு. அது இருக்கும் இடத்துக்கு நான் போவதில்லை. நான் இருக்கும் இடத்துக்கு அது வருவதில்லை. நாற்பது வயதைத் தாண்டி இன்றுவரை இந்த ஒப்பந்தத்தை இருவருமே மீறியதில்லை. பேய்க் கதை ஒன்று வேண்டும் என்று மலர் ஆசிரியர்கள் கேட்டபோதெல்லாம் மாமியார் மருமகள் கதை ஒன்றை எழுதிக் கொடுத்துத் தப்பித்து வந்திருக்கிறேன். அப்பேர்ப்பட்டவன் சென்ற மாதம் தொடர்ந்து ஆறு இரவுகள் ஒரு பேய் மாளிகைக்குள் புகுந்து புறப்பட்டேன் என்றால், என்னை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

காரணம் என் அண்ணன் மகன். அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனார், அங்கேயே தங்கிவிட்டார், அங்கேயே சென்ற வருஷம் காலமானார். தலைத் திவசத்துக்காகப் பையன் வந்திருந்தான். பையன் என்கிறேனே தவிர, அவனுக்கு வயது முப்பது. சாமான்களுக்கு நடுவிலிருந்து ஊதா நிறத்தில் ஒரு சிறு பெட்டியை எடுத்து வெளியே வைத்தான். நான்கு பக்கமும் சதுரம். பின்னால் தூக்கிச் செல்ல ஒரு கைப்பிடி. ஏதோ சமையலறைச் சாமான் என்றுதான் நினைத்தேன்.

"கேம்கியூப், சித்தப்பா. 2001-ல வந்தது. சின்ன வயசில அப்பா வாங்கிக் கொடுத்தார். உங்களோட ஒரு தடவை ஆடிப் பார்க்கணும்னு எடுத்துக்கிட்டு வந்தேன்."

நிண்டெண்டோ என்ற ஜப்பானியக் கம்பெனியின் யந்திரம் அது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டை அதற்குள் வைத்து மூடினான். தொலைக்காட்சித் திரையில் இருண்ட காடு, இடி, மின்னல். பச்சைச் சட்டையும் பச்சைத் தொப்பியும் பெரிய மீசையுமாக ஓர் ஆள், கையில் டார்ச் விளக்குடன் நடுங்கிக்கொண்டு நின்றான். பெயர் லூயிஜி. தான் கலந்துகொள்ளாத ஒரு போட்டியில் தனக்கு ஒரு மாளிகை பரிசாக விழுந்திருப்பதாகக் கடிதம் வந்து, அதைப் பார்க்க வந்திருக்கிறான். முன்னாலேயே போன அண்ணன் மரியோவைக் காணோம். மாளிகை நிறையப் பேய்கள். தம்பி உள்ளே போய் அண்ணனைத் தேட வேண்டும். "லூயிஜிஸ் மேன்ஷன்" என்ற அந்த ஆட்டத்தின் கதை இவ்வளவுதான்.

"விளக்கை அடிங்க, சித்தப்பா! பேய் முகத்துக்கு நேரா அடிங்க!" என்று பையன் கத்தினான். நான் பேய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரில் விளக்கை அடித்தேன். முதல் இரவில் மூன்று தடவை மாண்டேன்.

ஆட்டத்தில் கொஞ்சம் கை பழகிய பிறகு எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. பயம் என்பது கசப்பான சரக்கு. அதைக் காசு கொடுத்து வாங்க மனிதன் எப்போது பழகினான்? வாங்கியதோடு நில்லாமல், அதைப் பார்த்துச் சிரிக்கவும் எப்போது கற்றுக்கொண்டான்? நான் கல்லூரிப் படிப்பை இரண்டு வருஷத்தோடு நிறுத்திக்கொண்டவன். சரித்திரத்தில் பட்டம் பெற்றவன் அல்ல. ஆனாலும் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து பார்த்தேன். நூல் என்றா சொன்னேன்? விளக்கு என்று சொல்லியிருக்க வேண்டும்.

*

1798-ம் வருஷம் ஜனவரி மாதம். பாரிஸ் நகரம். பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர ஆட்சி முடிந்து நான்கு வருஷங்கூட நிறையவில்லை. 1793-லும் 1794-லும் கில்லட்டின் இயந்திரத்துக்குத் தலை கொடுத்தவர்களின் உறவினர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள். அந்த நகரத்தில் எத்தியென் காஸ்பார் ரொபேர் என்பவர் ஒரு காட்சி ஆரம்பித்தார். ராபர்ட்சன் என்று மேடைக்காகப் பெயரை மாற்றி வைத்துக்கொண்டவர். லியேஜ் நகரத்துக்காரர், பௌதிகம் படித்தவர். தம் காட்சிக்கு அவர் வைத்த பெயர் "ஃபாண்டஸ்மகோரி". பேய்களின் கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இருட்டறையில் ஒரு மெல்லிய துணித் திரை. திரைக்கு இந்தப் பக்கம் ஜனங்கள். அந்தப் பக்கம், சக்கரம் வைத்த ஒரு மாய விளக்கு. விளக்குக்கு முன்னால் கண்ணாடியில் தீட்டிய உருவம். விளக்கைத் திரைக்கு அருகில் வைத்தால் உருவம் சிறியதாகத் தெரியும். மெள்ளப் பின்னுக்கு இழுத்தால் உருவம் பெரிதாகும். சக்கரங்கள் ஓசையின்றி நகரும். இருட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கோ, ஒரு பிணம் தன் மீது பாய்ந்து வருவதுபோல் இருக்கும். புரட்சியில் மடிந்த பெரிய மனிதர்களின் உருவங்களும் அப்படி வந்தன. மறு வருஷம் ராபர்ட்சன் இன்னும் பொருத்தமான இடத்துக்குக் காட்சியை மாற்றினார். சந்நியாசினிகள் வெளியேற்றப்பட்டுப் பாழடைந்து கிடந்த ஒரு பழைய மடாலயம் அது. ஜனங்கள் அங்கே கூட்டங்கூட்டமாகப் போனார்கள்.

ஏன் போனார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். தெருவில் நடந்த மரணத்துக்கு டிக்கெட் இல்லை. அது எப்போது முடியும் என்றும், அடுத்தது யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்றும் யாருக்கும் தெரியாது. மடாலயத்துக்குள் வந்த மரணத்துக்கு ஆரம்பம் இருந்தது, முடிவு இருந்தது, வெளியே போக வாசல் இருந்தது. எல்லையில்லாமல் கிடந்த பயத்துக்கு ஒருவர் நான்கு சுவர் எழுப்பிக் கொடுத்தார். அந்த நான்கு சுவருக்குத்தான் ஜனங்கள் காசு கொடுத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளக்கு ராபர்ட்சன் கையில் இருந்தது. ஜனங்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

அறுபத்து நான்கு வருஷங்கள் கழித்து, 1862-ம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், லண்டனில் ராயல் பாலிடெக்னிக் என்ற நிலையத்தில் இன்னொரு பேய் தோன்றியது. டிக்கன்ஸ் எழுதிய ஒரு கிறிஸ்துமஸ் கதையின் காட்சி அது. மேடைக்கு முன்னே சாய்வாக ஒரு பெரிய கண்ணாடித் தகடு. மேடைக்குக் கீழே, பார்வையாளர் கண்ணுக்குப் படாத பள்ளத்தில் ஒரு நடிகர். அவர்மீது பளிச்சென்று வெளிச்சம் பாய்ச்சினால், அவருடைய பிம்பம் கண்ணாடியில் விழுந்து, மேடைமேல் காற்றில் நிற்பதுபோல் தெரியும். வெளிச்சத்தை அணைத்தால் பேய் மறையும். இந்தத் தந்திரத்தை முதலில் யோசித்தவர் ஹென்றி டர்க்ஸ் என்ற பொறியாளர். மேடைக்கு ஏற்றபடி திருத்தி அமைத்தவர் ஜான் ஹென்றி பெப்பர் என்ற பேராசிரியர். உலகம் இன்றுவரை "பெப்பரின் பேய்" என்றுதான் அதைச் சொல்கிறது. யோசித்தவன் ஒருவன், பெயர் வாங்குபவன் வேறொருவன் என்பது எங்கள் தொழிலிலும் உள்ளதுதான்.

அந்தப் பேய் நீண்ட ஆயுள் உள்ளது. கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து என்ற கேளிக்கைப் பூங்காவில் 1969-ம் வருஷம் ஆகஸ்டு 9-ந் தேதி "ஹாண்டட் மேன்ஷன்" என்ற பேய் மாளிகை திறக்கப்பட்டது. அதன் பெரிய நடன மண்டபத்தில் ஆவிகள் ஜோடி ஜோடியாகச் சுழன்று ஆடும். அதே கண்ணாடி, அதே வெளிச்சந்தான்.

இந்த மாளிகையின் வரலாற்றில் ஒரு வேடிக்கை. வெளிக்கட்டடம் 1963-லேயே எழும்பிவிட்டது. உள்ளே என்ன வைப்பது என்பதில்தான் தகராறு. க்ளோட் கோட்ஸ் என்ற கலைஞர், பேய் வீடு என்றால் பயமாக இருக்க வேண்டும் என்றார். மார்க் டேவிஸ் என்ற கலைஞர், வருகிறவர்கள் சிரிக்க வேண்டும் என்றார். வால்ட் டிஸ்னி 1966-ல் காலமாகிவிட்டார். தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை. கடைசியில் இரண்டு பேர் சொன்னதையும் செய்தார்கள். முற்பாதியில் இருண்ட தாழ்வாரம், தானே புடைக்கும் கதவுகள். பிற்பாதியில் பாட்டும் கூத்துமாக ஆவிகள். சமரசம் என்று செய்த காரியம் ஒரு கண்டுபிடிப்பாக முடிந்தது. பயந்த பிறகு வரும் சிரிப்புக்குத் தனி ருசி உண்டு என்று தெரிந்தது.

முதலில் அதை நடந்து பார்க்கும் மாளிகையாகத்தான் திட்டமிட்டார்கள். கூட்டத்தைச் சமாளிக்க முடியாது என்று பிறகு வண்டி ஓட்டிவிட்டார்கள். கறுப்புக் கூண்டு போன்ற சிறு வண்டிகள் வரிசையாக ஓடும். எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் வண்டியே நம்மைத் திருப்பிவிடும். ராபர்ட்சனின் ஜனங்கள் உட்கார்ந்த இடத்தில் இருந்தார்கள். டிஸ்னியின் ஜனங்கள் உட்கார்ந்தபடியே நகர்ந்தார்கள். இவர்கள் கையிலும் விளக்கு இல்லை.

*

விளக்கு கை மாறியது ஒரு குகையில்.

அமெரிக்காவில் வில் க்ரௌதர் என்று ஒருவர். கணினிக்கு நிரல் எழுதுவது உத்தியோகம். கென்டக்கி மாகாணத்தின் பெரிய குகைகளில் இறங்கி வரைபடம் தயாரிப்பது பொழுதுபோக்கு. மனைவியும் அவரோடு குகைக்குள் இறங்குகிறவர். 1970-களின் நடுவில் இருவரும் பிரிந்தார்கள். இரண்டு பெண் குழந்தைகள். அவர்கள் தம்மைப் பார்க்க வரும்போது விளையாட ஏதாவது இருக்கட்டும் என்று, தாம் அறிந்த குகையையே கணினிக்குள் எழுதி வைத்தார் க்ரௌதர். படம் கிடையாது, எழுத்து மட்டும். "நீ இன்ன இடத்தில் நிற்கிறாய்" என்று கணினி சொல்லும். "வடக்கே போ", "விளக்கை எடு" என்று விளையாடுகிறவன் பதிலுக்குத் தட்ட வேண்டும். 1977-ல் டான் உட்ஸ் என்ற மாணவர் அதை விரித்து எழுதினார். கணினி இருந்த இடங்களிலெல்லாம் அது பரவியது.

அந்த ஆட்டத்தில் முதலில் எடுக்க வேண்டிய பொருள்களில் ஒன்று விளக்கு. விளக்கில்லாமல் இருட்டில் நடந்தால் பள்ளத்தில் விழுந்து சாக வேண்டியதுதான். உட்ஸ் எழுதிய பாகத்தில் விளக்கின் பாட்டரியும் மெல்லத் தீர்ந்துகொண்டே வரும். ராபர்ட்சன் காலத்திலிருந்து காட்சிக்காரனிடம் இருந்த விளக்கு, பார்க்க வந்தவன் கைக்கு வந்துவிட்டது. கூடவே ஒரு பொறுப்பும் வந்தது. இனிமேல் முன்னால் போவதா, திரும்பி வருவதா என்பதை அவனேதான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தக் குகையை ஆடிப் பித்துப் பிடித்தவர்களில் ஒருவர் ராபர்ட்டா வில்லியம்ஸ் என்ற இளம் பெண்மணி. கணவர் கென் கணினி வேலை செய்பவர். குகைக்குப் பதில் வீடு இருந்தால் என்ன, எழுத்துக்கு அருகில் படமும் இருந்தால் என்ன என்று ராபர்ட்டாவுக்குத் தோன்றியது. அகதா கிறிஸ்டியின் நாவல் ஒன்றிலிருந்து, வீட்டுக்குள் அடைபட்டவர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படும் கருவை எடுத்துக்கொண்டார். எழுபது கோட்டுப் படங்கள் வரைந்தார். கணவர் நிரல் எழுதினார். 1980-ல் "மிஸ்டரி ஹவுஸ்" என்ற பெயரில் ஆப்பிள் கணினிக்காக வெளியிட்டார்கள். படங்களோடு வந்த முதல் சாகச ஆட்டம் அது. காய்கறி போட்டு வைக்கும் பிளாஸ்டிக் பையில் தட்டை வைத்து, கிட்டத்தட்ட 25 டாலருக்கு விற்றார்கள். பத்தாயிரம் பிரதிகளுக்கு மேல் போயிற்று. சமையலறை மேஜையும் ஒரு கதையும் மட்டும் இருந்தால் போதும் என்று நம்பித் தொழில் தொடங்கும் எழுத்தாளர்களை நான் அறிவேன். அவர்களில் ஜெயித்தவர்கள் இவர்கள்.

அதே 1980-ல் ஜப்பானில் தோரு இவாத்தானி என்பவர் வடிவமைத்த "பேக்-மேன்" ஆட்டம் வெளிவந்தது. மஞ்சள் வட்டம் ஒன்றை நான்கு பேய்கள் துரத்தும். மூலையில் இருக்கும் பெரிய புள்ளியை விழுங்கிவிட்டாலோ கதை தலைகீழ். பேய்கள் நீலமாகிப் பயந்து ஓடும். வட்டம் துரத்தித் தின்னும். பேயும் பயப்படும் என்ற செய்தி பெட்டிக்கடை வரையில் பரவியது அப்போதுதான்.

1982-ல் அட்டாரி கம்பெனி "ஹாண்டட் ஹவுஸ்" என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த யந்திரத்துக்கு இருந்த நினைவுத் திறன் 128 பைட். இந்தக் கட்டுரையின் ஒரு வரியைக்கூட அதில் முழுதாக அடக்க முடியாது. அவ்வளவு சிறிய இடத்தில் நான்கு மாடி மாளிகையை எப்படிக் கட்டுவது? இருட்டைக் கொண்டு கட்டினார்கள். ஆளை வரைய இடமில்லை. ஆகவே இருட்டில் மினுங்கும் இரண்டு கண்கள்தான் ஆள். அந்தக் கண்கள் எந்தப் பக்கம் போகின்றனவோ அந்தப் பக்கம் விழிகள் உருளும். கையில் தீக்குச்சி. கிழித்தால் சுற்றிலும் கொஞ்சம் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில்தான் உடைந்த தாழியின் மூன்று துண்டுகளைத் தேடிப் பொறுக்க வேண்டும். வௌவாலும் சிலந்தியும் ஆவியும் அலையும் வீடு. எத்தனை தீக்குச்சி செலவழித்தாய் என்று ஆட்டம் கணக்கு வைக்கும். குறைந்த குச்சியில் முடித்தவன் கெட்டிக்காரன்.

ஏழையின் சாமர்த்தியம் என்று இதைத்தான் சொல்வேன். சித்திரம் போட வழியில்லாதவன் இருட்டைப் போட்டான். மீதியைப் பார்க்கிறவனுடைய பயமே வரைந்துகொண்டது.

*

வீடு கிடைத்தது, விளக்கு கிடைத்தது. வயிறு குலுங்கச் சிரிப்பது மட்டும் பாக்கி. அது 1987-ல் வந்தது.

சினிமா டைரக்டர் ஜார்ஜ் லூகாஸின் கம்பெனியில் ஆட்டங்கள் செய்யும் பிரிவு ஒன்று இருந்தது. அங்கே ரான் கில்பர்ட், கேரி வின்னிக் என்ற இரண்டு இளைஞர்கள் பழைய பேய்ப் படங்களைக் கேலி செய்து "மேனியாக் மேன்ஷன்" என்ற ஆட்டத்தை எழுதினார்கள். பைத்தியக்கார விஞ்ஞானி ஒருவன், அவன் மனைவி, மகன், வானத்திலிருந்து விழுந்த ஓர் எரிகல், நடந்து பேசும் இரண்டு ஆக்டபஸ் கைகள்: இவர்கள் குடியிருக்கும் மாளிகை. விஞ்ஞானி கடத்திக்கொண்டு போன பெண்ணை அவளுடைய நண்பர்கள் மூன்று பேர் மீட்க வேண்டும். மாளிகைக்கு மாதிரியாக அமைந்தது லூகாஸின் பண்ணையில் இருந்த பெரிய வீடேதான். முதலாளியின் வீட்டைப் பேய் வீடாக்கியும் வேலை போகாத தொழிலாளிகள் இவர்கள்.

வீட்டுக்குள் நுழையச் சாவி எங்கே? வாசல் மிதியடிக்கு அடியில்! உலகத்தில் எல்லா ஊர்க்காரர்களும் சாவியை ஒரே இடத்தில்தான் வைக்கிறார்கள் போலும். நூலகத்தில் ஒரு சுருள் படிக்கட்டு. மேலே ஏதோ ரகசியம் இருக்கிறது என்று பாய்ந்தால், "பழுது" என்று பலகை தொங்கும். ஆட்டம் முடியும் வரை அது பழுதுதான். மர அறுப்பு யந்திரம் ஒன்று கிடைக்கும். அதற்குப் பெட்ரோல் மட்டும் வீடு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. மறு வருஷம் அதே கம்பெனி வெளியிட்ட இன்னோர் ஆட்டத்தில் செவ்வாய்க் கிரகத்துக்குப் போனால், அங்கே பெட்ரோல் டப்பா இருக்கும், யந்திரம் இருக்காது.

சிரிப்புக்கு அப்பால் இந்த ஆட்டம் ஒரு பெரிய காரியமும் செய்தது. அதுவரையில் பெரும்பாலான சாகச ஆட்டங்களில் விளையாடுகிறவன் வார்த்தைகளைத் தானே தட்டெழுத வேண்டும். சரியான வார்த்தை தெரியாவிட்டால் பேயைவிட அகராதிதான் அதிகமாகப் பயமுறுத்தும். கில்பர்ட் வினைச்சொற்களைத் திரையின் அடியிலேயே வரிசையாக எழுதிவைத்துவிட்டார். "திற", "தள்ளு", "கொடு" என்று சுட்டிக் காட்டினால் போதும். இதற்காக எழுதிய நிரல் மொழியைப் பல வருஷங்கள் வேறு பல ஆட்டங்களுக்கும் பயன்படுத்தினார்கள். பயத்தைப் பொறுத்துக்கொள்ள மனிதன் தயார். முட்டாளாக்கப்படுவதைப் பொறுக்கமாட்டான் என்பதை அறிந்தவர் கில்பர்ட்.

இதற்குப் பிறகு பேய் வீட்டுக் குடும்பம் இரண்டு கிளையாகப் பிரிந்தது. ஜப்பானில் காப்காம் கம்பெனி 1989-ல் வெளியிட்ட "ஸ்வீட் ஹோம்", 1996-ல் வெளியிட்ட "ரெசிடென்ட் ஈவில்" என்று ஒரு கிளை ரத்தத்தை நோக்கிப் போயிற்று. அந்தக் கிளைப் பக்கம் நான் போகவில்லை. மேலே சொன்ன ஒப்பந்தம் காரணம். மற்றக் கிளை, நடுங்கும் மீசைக்காரனிடம் வந்து சேர்ந்தது.

*

லூயிஜி பிறந்த கதை, தம்பிகளாகப் பிறந்தவர்கள் கேட்க வேண்டிய கதை.

மரியோ 1981-ல் "டாங்கி காங்" ஆட்டத்தில் பிறந்தான். 1983-ல் இரண்டு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டம் ஒன்று தேவைப்பட்டது. இரண்டாவது ஆளுக்கு என்று தனி உருவம் வரைய யந்திரத்தில் இடம் போதவில்லை. மரியோவையே எடுத்து வேறு வர்ணம் பூசினார்கள். தம்பி தயார். அண்ணனின் சட்டையைத் தம்பிக்குப் போட்டு அழகு பார்க்கும் வழக்கம் ஜப்பானிலும் உண்டு என்று தெரிகிறது. அதன் பிறகு எந்த வீட்டிலும் மூத்த பிள்ளை மரியோவை எடுத்துக்கொள்வான். இளையது லூயிஜியாக ஆடும்.

பதினெட்டு வருஷம் இப்படிப் பின்னால் நின்றவனுக்கு 2001-ல் தனி மாளிகை கிடைத்தது. கேம்கியூப் யந்திரம் வெளிவந்த அன்றே கடைக்கு வந்த ஆட்டம் "லூயிஜிஸ் மேன்ஷன்". இயக்கியவர் ஹிதேகி கொன்னோ. தயாரித்தவர்களில் ஒருவர் மரியோவைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோ. புதிய யந்திரத்தோடு மரியோ வருவான் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். ஆட்டம் சிறியது என்றும் குறை சொன்னார்கள். ஆனால் ஒரு வீரனை அந்த மாளிகைக்குள் விட்டிருந்தால் சிரிப்பு ஏது? பயமில்லாதவன் பேய் வீட்டுக்குள் போவது ஒரு செய்திகூட அல்ல. பயந்தவன் போனால்தான் கதை.

ஆட்டத்தின் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் அறையும் இருட்டு. பேய் வந்தால் திடீரென்று முகத்தில் டார்ச் அடிக்க வேண்டும். பேய் திகைத்து நிற்கும். அதன் மார்பில் இதயம் தெரியும். அந்த நொடியில், முதுகில் கட்டியிருக்கும் தூசி உறிஞ்சும் யந்திரத்தால் அதை இழுக்க வேண்டும். தூண்டிலில் பெரிய மீன் சிக்கியதுபோல் பேய் நம்மை அறை முழுக்க இழுத்தடிக்கும். எல்லாப் பேயையும் பிடித்துவிட்டால் அறையில் விளக்கு எரியும். இருட்டில் தொண்டைக்குள் முனகிக்கொண்டு வந்த லூயிஜி, விளக்கு எரிந்ததும் அதே ராகத்தைச் சீட்டியடிப்பான். பயமும் தைரியமும் ஒரே பாட்டு, வெளிச்சந்தான் வித்தியாசம்.

சாதாரணப் பேய்களைத் தவிர, மாளிகையில் சித்திரச் சட்டங்களிலிருந்து தப்பி வந்த குடும்பப் பேய்களும் உண்டு. இவர்களிடம் விளக்கு சுலபத்தில் பலிக்காது. படிப்பறையில் தகப்பன் புத்தகம் வாசித்துக்கொண்டிருக்கிறான். அவன் கொட்டாவி விடும் வரை காத்திருக்க வேண்டும். தாய் கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். திரைச்சீலையை விலக்கினால் காற்று வந்து அவள் எழுந்திருப்பாள். சாப்பாட்டு ராமன் ஒருவனுடைய தட்டைக் காலி செய்தால்தான் அவன் நிலை தடுமாறுவான். ஒவ்வொருவரும் தங்களை மறக்கும் கணம் எது என்று பொறுமையாகப் பார்த்திருந்து பிடிக்க வேண்டும். "எப்படி சித்தப்பா இதை மட்டும் டக்குனு கண்டுபிடிக்கிறீங்க?" என்று பையன் ஆச்சரியப்பட்டான். இருபது வருஷமாக இதைச் செய்துதானே பிழைக்கிறேன் என்றேன்.

"பூ" என்று ஒரு வெள்ளை உருண்டைப் பேயும் இந்த மாளிகையில் ஒளிந்திருக்கிறது. 1988-ல் "சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3" ஆட்டத்தில் முதலில் தோன்றியது. நேருக்கு நேர் பார்த்தால் வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொள்ளும். முதுகைக் காட்டினால் துரத்தி வரும். இதன் பிறப்பை மியாமோட்டோ சொல்லியிருக்கிறார். அவரோடு வேலை செய்த தகாஷி தெசுகாவின் மனைவி மிகவும் சாதுவானவர். கணவர் சதா ஆபீஸிலேயே இருப்பதைப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு நாள் வெடித்துவிட்டாராம். அந்தக் கோபம் ஒரு பேயாக ஆட்டத்துக்குள் வந்துவிட்டது. நாம் முகம் கொடுத்துப் பார்க்காத எதுவும் பின்னாலிருந்து துரத்தும் என்பதை இதைவிட எளிமையாகச் சொன்ன உபதேசத்தை நான் படித்ததில்லை.

*

கடைசி இரவுக்கு முந்திய இரவு. ஆட்டத்தில் ஒரு கட்டம் வருகிறது. மாளிகைமீது இடி விழுந்து, அதுவரை பாடுபட்டு ஏற்றிய விளக்குகள் அத்தனையும் ஒரே சமயத்தில் அணைந்துவிடும். நிலவறைவரை இருட்டிலேயே போய் மின்சாரத்தை மீட்க வேண்டும். பையன் காப்பி போட எழுந்து போயிருந்தான். நான் தனியாக இருந்தேன்.

சிறு வயதில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மாட்டுக் கொட்டில் இருந்தது. ராத்திரி கன்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டதா என்று பார்த்து வர அம்மா அண்ணனை அனுப்புவாள். அண்ணன் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு நடப்பார்; நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன். விளக்கு ஆட ஆட அவர் நிழல் மதிற்சுவரில் பனைமர உயரத்துக்கு எழும்பும். எனக்கு அது பேயாகத் தெரிந்ததில்லை. விளக்கு அண்ணன் கையில் அல்லவா இருந்தது!

எனக்கு ஏழு வயதானபோது ஒரு நாள் அண்ணன் விளக்கை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்படியில் உட்கார்ந்துகொண்டார். "நீயே போய்ப் பார்த்துட்டு வாடா. நான் இங்கேயே இருக்கேன்" என்றார். நாலடிக்கு ஒரு தடவை "அண்ணா!" என்று கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் "ம்" என்று பதில் வந்தது. அந்த "ம்"மைப் பிடித்துக்கொண்டு கொட்டில் வரை போனேன், திரும்பியும் வந்தேன்.

இந்த ஆட்டத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் லூயிஜி வாயருகில் கையைக் குவித்து, "மரியோ!" என்று கூப்பிடுவான். நடுங்கிய குரலில், நீட்டி நீட்டிக் கூப்பிடுவான். ஆட்டத்துக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. பேய் போகாது, கதவு திறக்காது, வெளிச்சம் வராது. ஆனாலும் அதைச் செய்தவர்கள் ஒரு பொத்தானில் அதற்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். பாரிஸில் ராபர்ட்சனும் லண்டனில் பெப்பரும் பேயைக் கூப்பிட்டார்கள். இருட்டில் நடக்கிறவன் மனிதனைத்தான் கூப்பிடுவான் என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நிலவறைப் படியில் நின்றுகொண்டு நான் அந்தப் பொத்தானை அழுத்தினேன். மறுபடியும் அழுத்தினேன். பையன் காப்பியோடு வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"அதை அழுத்தினா ஒண்ணும் ஆகாது, சித்தப்பா" என்றான்.

"தெரியும்" என்றேன்.

அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு காப்பியை என் அருகில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்குக் கொஞ்சம் பின்னால் உட்கார்ந்தான்.

"போங்க. நான் இங்கேயேதான் இருக்கேன்" என்றான்.

டார்ச்சை முன்னால் நீட்டிக்கொண்டு படியில் இறங்கினேன்.